திஸல் வாரியமும் தனலெட்சுமியின் துவையலும்

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் தூண்களைத் தாண்டி ஆற்றங்கரைப் பக்கம் திரும்புகிற சந்தில் தனலெட்சுமியின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடை என்றால் நாலு இரும்புக் கால், மேலே நீலத் தார்ப்பாய், கீழே ஆறு மேசை. பகல் பதினொன்றரைக்குத் திறந்து இரண்டரைக்கு மூடிவிடுவாள். அந்த மூன்று மணி நேரத்தில் வங்கிக்காரர்கள், புடவைக் கடைப் பெண்கள், கோயில் குருக்கள், ரயில் நிலையக் காவலாளிகள் என்று எண்பது பேராவது வந்து போவார்கள். சோறும் குழம்பும் எங்கேயும் கிடைக்கும். அவர்கள் வந்தது துவையலுக்காக.

என்ன துவையல் என்று கேட்டால் தனலெட்சுமி, "கீரை" என்பாள். என்ன கீரை என்றால், "பச்சைக் கீரை" என்பாள். அதற்கு மேல் கேட்பவர் தட்டில் அப்பளம் விழாது.

அந்தக் கீரை கடைக்குப் பின்னால் கம்பிவேலி போட்டிருந்த காலிமனையில் முளைத்துக் கிடந்தது. பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த வருஷம் அவள் அதைக் கண்டுபிடித்தாள். பாசார் மூடியிருந்தது. புதினா இல்லை, மல்லி இல்லை. அவள் கணவர் கன்னையா, முப்பது வருஷம் லோரி ஓட்டி முழங்கால் தேய்ந்துபோனவர், துவையல் இல்லாமல் சோறு இறங்காது என்று தட்டைத் தள்ளிவிட்டார். தனலெட்சுமி கோபத்தோடு வேலி ஓட்டைக்குள் புகுந்து, முதலில் கண்ணில் பட்ட செடியை ஒடித்து வந்தாள். இடுப்புயரம், இலையோரமெல்லாம் முள், உச்சியில் ஊதா நிறக் குஞ்சம். முள்ளை நெருப்பில் வாட்டி, தேங்காயும் புளியும் காய்ந்த மிளகாயும் வைத்து அரைத்தாள். வாயில் குத்தட்டும் என்றுதான் பரிமாறினாள். கன்னையா இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டார்.

வேலியில் ஒரு பலகை தொங்கத்தான் செய்தது. துருவேறிய அந்தப் பலகையில் அவளால் படிக்க முடிந்தது ஒரே ஒரு சொல்: 'டிலாராங்'. செய்யக்கூடாது என்று அர்த்தம். கோலாலம்பூரில் எங்கே திரும்பினாலும் அந்தச் சொல் எழுதியிருக்கிறபடியால் அது அவளுக்கு ஊர்ப்பெயர் மாதிரிப் பழகிவிட்டிருந்தது.

அவளுடைய கவலை வேறு. கடைக்கு லைசென்ஸ் கேட்டு ஒன்பது வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வரும். கடைசியாக ஒரு புதன்கிழமை, கடைவீதி ஒழுங்குத் துறையின் அமலாக்க அதிகாரி குகன் வந்தான். உட்கார்ந்து சாப்பிட்டான். கை கழுவினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"அக்கா, துவையல் இன்னிக்கி சூப்பர். இந்தாங்க சூராட். பதினாலு நாளுக்குள்ள கடைய எடுத்துடணும்."

"ஏன் தம்பி?"

"சந்த அழகு படுத்தப் போறாங்க. இங்க முழுக்க பிளாஸ்டிக் புல்லு வரப்போவுது."

"பிளாஸ்டிக் புல்ல யாரு திம்பா?"

"அது எனக்குத் தெரியாது லா. லிஸ்ட்ல கடை நம்பர் பதினாலு நீங்கதான்."

அன்று முழுக்க தனலெட்சுமி எதைத் தொட்டாலும் உப்புக் கூடிப்போனது.

மூன்றாம் நாள் காலை வேறு இரண்டு பேர் வந்தார்கள். கழுத்துப் பட்டி கட்டிய பெரியவர் ஒருவர். கையில் ஒரு ஃபைலை இறுக்கிக்கொண்டு ஓர் இளம்பெண். பெரியவர் மேசைமேல் ஒரு புகைப்படத்தை வைத்தார். செடிகளுக்கு நடுவே பச்சை நைட்டி போட்ட ஓர் உருவம் குனிந்திருந்தது. மூலையில் நேரம்: காலை 6.42.

தனலெட்சுமி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சார், ரெண்டு கொத்துதான் சார் பறிச்சேன்."

"பயப்பிடாதீங்கோ. இதைச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம் சார்."

"எவ்வளவு காலமா?"

"அந்த ஊரடங்குல இருந்து."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, பதினொரு வருஷமா நாங்கள் தேடின ஆள் நீங்கள்தான்."

அவர் டாக்டர் வீரசிங்கம், தேசிய உள்நாட்டுத் திஸல் செடிகள் மற்றும் அவற்றை உண்டு வாழும் பூச்சிகள் வாரியத்தின் தலைவர். கூட வந்தவள் ஷாமினி, பூச்சியியல் படித்தவள். அந்த வாரியத்தில் வண்டுக்கும் ஈக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

வாரியத்தின் கதையைத் தனலெட்சுமி பிறகுதான் ஷாமினி வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். குளிர்நாடுகளில் திஸல் என்று ஒரு முட்செடி உண்டு. அதை மட்டுமே தின்று வாழும் பூச்சிகளும் உண்டு. செடியும் பூச்சியும் அழியாமல் காக்க அந்த நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. இங்கிருந்து மாநாட்டுக்குப் போனவருக்கு மண்டபத்தின் குளிர் தாங்கவில்லை. சீக்கிரம் அறைக்குத் திரும்பவேண்டி, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதன் பலனாக வாரியம் பிறந்தது. மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியில் செடிப் பிரிவு, கீழ்மாடியில் பூச்சிப் பிரிவு, நடுமாடியில் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கவனிக்கும் 'மற்றும்' பிரிவு. ஆட்கள் அதிகம் 'மற்றும்' பிரிவில்தான்.

நாட்டில் திஸல் செடி இருக்கிறதா என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழுந்தது. இரண்டு மணி நேரம் விவாதித்து, இருக்கிறது என்று பெரும்பான்மை வாக்கில் முடிவு செய்தார்கள். எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கண்காணிக்க வசதி என்பதால், பிரிக்பீல்ட்ஸ் காலிமனையில் முள்ளோடு நின்ற செடியைத் திஸல் என்று அறிவித்து வேலி போட்டார்கள். செடி அமைந்துவிட்டது. பூச்சிதான் அமையவில்லை. பதினொரு வருஷமாக அந்தச் செடியை ஓர் எறும்புகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஷாமினி வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷமாக மாதாந்திரப் பாரத்தில் 'பூச்சிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் சைபர் போட்டுவந்தாள்.

அதுவரை ஆய்வெல்லாம் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தொலைநோக்கி வழியாகத்தான் நடந்தது. இந்த வருஷம் தொலைநோக்கி உடைந்துவிட்டதால் யாராவது நேரில் போகவேண்டியதாயிற்று. போனவர்கள் பார்த்தால், கொழுந்தெல்லாம் கொய்யப்பட்டிருந்தது! கொழுந்து மட்டும், சுத்தமாக, வரிசையாக. அன்று சாயந்தரமே, புதுவகைப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒப்பந்தத் தலைமையகத்துக்கு அறிக்கை பறந்தது. அங்கே எழுபது நாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அதற்கப்புறம்தான் பூச்சியைப் படமெடுக்கக் கேமரா வைத்தார்கள். கேமராவில் விழுந்தது பச்சை நைட்டி.

"சார், இது மனுஷங்க சார். அறிக்கைய வாபஸ் வாங்கிடலாம்," என்று ஷாமினி சொல்லிப் பார்த்தாள்.

"எழுபது நாடு கைதட்டினதை எப்படிப் பிள்ளை வாபஸ் வாங்குறது?" என்றார் வீரசிங்கம்.

மறுநாள் தனலெட்சுமியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு முதுகில்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார்கள். ஷாமினி தலையைத் தூக்காமல் பாரத்தை நிரப்பினாள். உணவு: உள்நாட்டுத் திஸல். சுறுசுறுப்பான நேரம்: விடியல். நிறம்: பச்சை. கால்கள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"பூச்சின்னா ஆறு கால் வேணும் சார்."

வீரசிங்கம் மேசையைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "இப்ப உங்களுக்கு எத்தினை கால் தெரியுது?"

"ஆன்டியோடது ரெண்டு. நாற்காலியோடது நாலு."

"எழுதுங்கோ."

இறக்கை என்ற கட்டத்தில், 'உண்டு. தற்போது இடுப்பில் செருகப்பட்டுள்ளது' என்று சேலை முந்தானையைப் பார்த்து எழுதினார்கள். தனலெட்சுமி ஒருமுறை, "சார், நான் பூச்சி இல்ல சார்," என்று சொல்லிப் பார்த்தாள். அதையும் 'மெல்லிய ஒலி எழுப்புகிறது' என்று ஷாமினி குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றே நாளில் அட்டை வந்தது. பளபளப்பான பிளாஸ்டிக் அட்டை, அரசு முத்திரை, அவளுடைய படம், கீழே 'பாதுகாக்கப்பட்ட பூச்சி, எண் 1'. கன்னையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தனம், மனுஷியா இருந்து ஒம்பது வருஷம் லைசென்ஸ் கேட்ட. பூச்சியானதும் மூணு நாள்ல குடுத்துட்டானுங்களே!"

அவள் அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டிலிருந்த துவையலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தாள்.

பதினாலாம் நாள் குகன் லோரியோடும் நாலு ஆட்களோடும் வந்து இறங்கினான். முதல் இரும்புக் காலில் கை வைப்பதற்குள் ஷாமினி மஞ்சள் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க! இது பாதுகாக்கப்பட்ட பூச்சியோட வாழிடம். ஒரு ஆணிகூடப் புடுங்க முடியாது."

குகன் காகிதத்தை விரித்தான். "மேடம், என் லிஸ்ட்ல கடை நம்பர் பதினாலு இருக்கு. பூச்சி எங்க லா இருக்கு?"

தனலெட்சுமி இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். குகன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். பிறகு தன் மேலதிகாரிக்குப் போன் போட்டான்.

"பாஸ், கடைன்னு நெனச்சோம், அது பூச்சிக் கூடாம்... இல்ல பாஸ், குடிக்கல... சாப் இருக்கு பாஸ், ஒரிஜினல் சாப்."

முத்திரை இருக்கிறது என்றதும் மறுமுனை அடங்கிவிட்டது. குகன் பட்டியலில் 'கடை' என்பதை அடித்து, மேலே 'கூடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். லோரி திரும்பிப் போனது. அவன் போகவில்லை.

"சாப்பாடு இருக்கா அக்கா?"

அன்றைக்குத் தனலெட்சுமிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடோ குடிசையோ, கடை நின்றது. அதற்கு விலையாகத் திங்கள்தோறும் ஷாமினி வந்து உயரம், அகலம், இரவில் எத்தனை மணி நேரம் அசையாமல் இருந்தாள் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு போனாள்.

"மன்னிச்சிருங்க ஆன்டி," என்றாள் முதல் நாள்.

"பரவால்லம்மா. நான் எப்ப தூங்கினேன், தலவலி எப்படி இருக்குன்னு பொறந்ததுல இருந்து யாரும் என்னைய இவ்ளோ கேட்டதில்ல," என்றாள் தனலெட்சுமி. சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்தது.

ஒரு திங்கள்கிழமை வீரசிங்கமே நேரில் வந்தார். உப்புக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர் வெளியில் சாப்பிடுவதில்லை. நின்று வேடிக்கை பார்த்தார். ஆறு மேசையிலும் ஆட்கள் துவையலைப் பிசைந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"ஷாமினி! இவையெல்லாரும் எதை உண்ணுகினம்?"

"திஸல் சார்."

"அப்ப இவையெல்லாரும் ஆர்?"

அன்று மாலைக்குள் பூச்சிகளின் எண்ணிக்கை எண்பத்துநாலானது. வங்கிக்காரர்களுக்கு அட்டை. புடவைக் கடைப் பெண்களுக்கு அட்டை. குகனுக்கும் அட்டை. கோயில் குருக்கள் மட்டும் கொஞ்சம் தயங்கினார். 'தாவரம் மட்டுமே உண்ணும்' என்று அட்டையில் அச்சடித்திருப்பதைக் காட்டியதும் சமாதானமாகி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு விஷயம் கைமீறிப் போனது. அட்டை இருந்தால் இருக்கும் இடத்தை விட்டு யாரும் அசைக்க முடியாது என்ற செய்தி பரவியது. கம்போங் மேடான் மலிவுவிலை அடுக்குமாடியில், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தவர்கள் குடும்பத்தோடு வந்து துவையல் சாப்பிட்டார்கள். கிள்ளானிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பங்சாரிலிருந்து காரில் வந்த ஒருவர், கார் நிறுத்துமிடத்துக்கும் அட்டை செல்லுமா என்று விசாரித்தார். இருநூறு, நானூறு, அறுநூற்றுப் பன்னிரண்டு. தனலெட்சுமிக்கு அரைத்து அரைத்துத் தோள்பட்டை கழன்றது. காலிமனையில் செடி குறைந்துகொண்டே வந்தது.

இந்தச் சமயத்தில் ஒப்பந்தத் தலைமையகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் பார்வையிட வந்தார். வேலியோரம் பந்தல் போட்டு, தனலெட்சுமியை முன்வரிசையில், நாற்காலி கால்கள் நன்றாகத் தெரியும்படி உட்காரவைத்தார்கள். வீரசிங்கம் ஆங்கிலத்தில் பேசப் பேச, ஷாமினி அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பதினொரு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் செடி இல்லை, பூச்சி இல்லை. வாரியம் மட்டுமே இருந்தது. நாங்கள் மனம் தளரவில்லை. பூச்சியை வைத்துக்கொண்டு பூச்சிக்கு உழைப்பது யாராலும் ஆகும். ஒரு பூச்சிகூட இல்லாத காலத்தில் பூச்சிகளுக்காக நூற்று நாற்பது கூட்டங்கள் நடத்தினோமே, அதுதான் தன்னலமற்ற சேவை! பூச்சி இருந்திருந்தால் எங்கள் கவனம் சிதறியிருக்கும். செடி இன்று முளைக்கும், நாளை பட்டுப்போகும். வாரியம் அப்படிப் போகலாமா? பூச்சி இல்லாமல் வாரியம் வாழ்ந்து காட்டியது. வாரியம் இல்லாமல் பூச்சி வாழ்ந்து காட்டட்டும், பார்க்கலாம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெள்ளைக்காரர் தனலெட்சுமியிடம் வந்து குனிந்து வணங்கி, வருஷத்துக்கு எத்தனை குஞ்சுகள் என்று ஷாமினி மூலம் கேட்டார்.

"ஒரே பொண்ணுதான். கிள்ளான்ல கட்டிக் கொடுத்திருக்கோம்," என்றாள் தனலெட்சுமி.

'மிக மெதுவாகப் பெருகுகிறது' என்று அவர் குறித்துக்கொண்டார். அவருடைய நாட்டில் திஸல் பூச்சியைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்றென்றும், அதை அங்கே இன்னும் யாருக்கும் சொல்லவில்லையென்றும் கார் ஏறும்முன் ஷாமினியிடம் மெதுவாகச் சொன்னாராம்.

அவர் போன மறுவாரம் மேல்மாடிச் செடிப் பிரிவிலிருந்து கீழ்மாடிப் பூச்சிப் பிரிவுக்குப் புகார்க் கடிதம் இறங்கியது: உங்கள் பூச்சிகள் எங்கள் செடிகளை அழித்துவிட்டன; மீதி முப்பத்தொன்று. நடுமாடி 'மற்றும்' பிரிவு கூடி விதிப்புத்தகத்தைப் புரட்டியது. ஐந்நூற்றுக்கு மேல் பெருகி, உண்ணும் செடியை அழிக்கும் பூச்சி பாதுகாக்கப்பட்ட பூச்சி ஆகாது; அது தீங்குப் பூச்சி. தீங்குப் பூச்சிக்குப் புகை அடித்து, கூட்டை அகற்றவேண்டும். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வாரியத்தின் பதினேழு உறுப்பினர்களும் கூடிக் கையெழுத்திடுவதாகவும், இரண்டு மணிக்கு டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கிற அதே ஆள் வருவதாகவும் முடிவாயிற்று.

அதைச் சொல்லி வந்த கடிதத்தைப் படித்த தனலெட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு நேராக வாரியத்துக்குப் போனாள்.

"சார், நான் மனுஷி சார். நிறுத்தச் சொல்லுங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கோ?"

"ஐசி இருக்கு சார், அடையாள அட்டை."

"அது வேற டிபார்ட்மென்ட். இஞ்ச உங்கட ஃபைலிலை பூச்சி எண்டுதான் இருக்கு."

"அப்ப மாத்துங்க சார். மனுப் போடறேன்."

வீரசிங்கம் மிகுந்த பரிவோடு சிரித்தார். "மனுவை மனுஷர்தானே அம்மா போடலாம்? பூச்சியிட்டை நாங்கள் மனு வாங்கினால் சட்டப் பிரச்சினை வரும். நீங்கள் முதலிலை மனுஷராகிப்போட்டு வந்து, மனுஷராக்கச் சொல்லி மனுப் போடுங்கோ."

தனலெட்சுமி படியில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்துக் கடை. தேய்ந்த முழங்காலோடு உட்கார்ந்தபடியே தட்டுக் கழுவும் கன்னையா. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு இந்த வயதில் எங்கே போவது? அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். ஷாமினி பின்னாலேயே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்டி, ஒண்ணு சொல்றேன். செடி இருக்கிற வரைக்கும்தான் பூச்சி."

தனலெட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குச் சாப்பாடு ஆர்டர் பண்றது என் வேலை. இன்னும் பண்ணல."

தனலெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பிறகு, "எத்தன பேரு?" என்றாள்.

"பதினேழு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தனலெட்சுமியும் கன்னையாவும் வேலிக்குள் போனார்கள். முப்பத்தொரு செடியையும் வேரோடு பிடுங்கினார்கள். முள் குத்திக் கன்னையாவின் கையெல்லாம் ரத்தம்.

"எல்லாத்தையுமா தனம்? விதைக்கு ஒண்ணு விட்டுடலாமே."

"ஒண்ணு விட்டா ஒரு கூட்டம் போடுவானுங்க. புடுங்குங்க."

வாட்டினாள், வதக்கினாள், அரைத்தாள். உப்புப் பார்க்கக்கூட ஒரு பொட்டு வாயில் வைக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவள் ருசி பாராமல் இறக்கிய முதல் துவையல் அதுதான்.

பகல் ஒரு மணிக்குப் பதினேழு பேர் முன்னாலும் வாழையிலை விரித்துப் பரிமாறினாள். வீரசிங்கம் தன் சாப்பாட்டு டப்பாவை மறந்து வந்திருந்தார். மறந்ததா, ஷாமினி எடுத்து வைத்ததா தெரியாது. முதலில் விரல் நுனியில் தொட்டு வைத்தார். பிறகு சோற்றில் குழி பறித்தார். "இந்த வாரியம் எடுத்த முடிவுகளிலையே..." என்று பேச்சைத் தொடங்கிவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். பதினேழு இலையும் வழித்த மாதிரி ஆயின. பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைக்கூட 'மற்றும்' பிரிவின் தலைவர் சோறு போட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டார்.

"அருமை. என்ன கீரை அம்மா இது?"

"உங்க திஸல்தான் சார். முப்பத்தொண்ணும்."

விரலைச் சூப்பிக்கொண்டிருந்த ஒருவர் வாயில் விரலோடு அப்படியே நின்றுவிட்டார். அந்தச் சமயம் பார்த்துக் கதவு திறந்தது. தோளில் புகை இயந்திரத்தோடு, முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் ஆள் நின்றான்.

"சீக்கிரமா வந்துட்டேன் பாஸ். பூச்சி எங்க?"

ஷாமினி பதிவேட்டைத் திறந்தாள். உரக்க வாசித்தாள். "விதி நாலு. திஸலை உண்பது எதுவோ அதுவே திஸல் பூச்சி. இன்றைய தேதியில் திஸல் உண்டவை: பதினேழு. இருப்பிடம்: கூட்ட அறை."

புகைக்காரன் மேசையைச் சுற்றிக் கண்ணை ஓட்டி எண்ணினான். முகமூடியை இறக்கி, கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். இயந்திரம் இருமியது.

"நில்லும்!" என்றார் வீரசிங்கம்.

முப்பத்திரண்டு வருஷ அரசாங்கச் சேவை என்றால் என்ன என்பதைத் தனலெட்சுமி அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். அவர் கை கழுவவில்லை, எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"ஷாமினி, செடி எத்தினை மிச்சம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"உணவுச் செடி அழிஞ்சுபோன பூச்சியின்ரை நிலை என்ன?"

"அழிவின் விளிம்பு சார்."

"புகை அடிக்கலாமோ?"

"கூடாது சார்."

"வாழிடத்தை விட்டு அகற்றலாமோ? இடமாற்றம், ஓய்வு, அப்படி ஏதும்?"

ஷாமினி பக்கத்தைப் புரட்டினாள். "கடைசிப் பூச்சி உயிரோட இருக்கிற வரைக்கும் அதே இடத்துல வச்சுப் பாதுகாக்கணும் சார்."

பதினேழு முகங்களிலும் ரத்தம் திரும்பியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மற்ற அறுநூற்றுப் பன்னிரண்டு பூச்சிகளும் உணவின்றி மடிந்ததாகப் பதிவு செய்தார்கள். வீரசிங்கம் எழுந்து தனலெட்சுமியின் முன் வந்து தலை குனிந்தார்.

"உங்கட மறைவுக்கு வாரியம் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்குது."

"சரிங்க சார்," என்று தனலெட்சுமி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். தெருவில் வெயில் கொளுத்தியது. செத்துப்போன பிறகு உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. குகனின் துறைப் பட்டியலில் அது இன்னும் 'கூடு' என்றே இருக்கிறது. காலியான கூட்டை அகற்ற எந்தச் சட்டம் என்று கேட்டு அவன் மேலிடத்துக்கு எழுதினான். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்னும் ஒன்பது வருஷம் தாங்கும் என்று கன்னையா கணக்குச் சொன்னார். புதினாத் துவையலுக்குப் பழைய கூட்டம் வருவதில்லைதான், பாதி வருகிறது. அந்தப் பாதிக்கு அரைக்க அவள் தோள் வலிப்பதில்லை.

அடுத்த மாதம் ஒரு திங்கள்கிழமை வாரியத்திலிருந்து பதினேழு பொட்டலம் கேட்டுப் போன் வந்தது. தனலெட்சுமி வாழையிலையில் மடித்துக் கட்டி எடுத்துப் போனாள். கூட்ட அறையில் பதினேழு பேரும் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஷாமினி கையில் அளவுநாடாவோடு வீரசிங்கத்தின் தோளை அளந்துகொண்டிருந்தாள்.

"அசையாதீங்க சார். இறக்கை ஆரம்பிக்கிற எடம்." பிறகு தனலெட்சுமியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். "ஆன்டி, நாலு வருஷமா சைபர் போட்டேன். இப்ப பாருங்க, பதினேழு!"

தனலெட்சுமி பொட்டலங்களை மேசைமேல் வைத்தாள். வாசனை பரவியது. பதினேழு தலையும் ஒரே பக்கம் திரும்பின.

"இதுல என்ன துவையல் ஆன்டி?"

"புதினா."

ஷாமினியின் சிரிப்பு மறைந்தது. "அப்ப குடுக்க முடியாதே ஆன்டி. இதுங்க திஸல் மட்டும்தான் சாப்பிடும்னு இவங்களே தீர்மானம் போட்டிருக்காங்க. வேற எதையாவது சாப்பிட்டா நான் ரிப்போர்ட்ல எழுதணும்."

யாருடைய வயிறோ உறுமியது. வீரசிங்கம் பொட்டலங்களைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே முக்கால்.

"அம்மா, நீங்கள் அதை அந்த மேசையிலையே வைச்சிட்டுப் போங்கோ," என்றார் மெல்லிய குரலில். "ஷாமினி, நீர் ஒரு பத்து நிமிஷம் ஜன்னல் பக்கமாத் திரும்பி நில்லும்."

ஷாமினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்று, வெறும் மண்ணாகக் கிடந்த காலிமனையைப் பார்த்தாள். தனலெட்சுமி கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கினாள். முதல் திருப்பத்தில் அவளுக்கு மேலிருந்து சத்தம் கேட்டது: பதினேழு வாழையிலைகள் ஒரே சமயத்தில் பிரிகிற சரசரப்பு. அதற்குப் பின்னால், நிற்காமல், ஒரே சீராக, மெல்லுகிற ஓசை.